போட்டி ரோபோவுக்குச் சட்டமும் மோட்டாரும்: ஆலோசனை வேண்டுகிறோம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் கல்லூரி மாணவர்கள் சிலர் போட்டி ஒன்றுக்காக நான்கு சக்கர ரோபோ ஒன்றைச் செய்து வருகிறார்கள். அவர்களுக்கு நான் வழிகாட்டுகிறேன். மொத்த எடை 15 கிலோவைத் தாண்டக் கூடாது, 20 பாகைச் சரிவில் ஏற வேண்டும் என்பவை விதிகள்.

ரோபோவின் உடலைத் தாங்கும் சட்டத்துக்கு 6061 என்ற அலுமினியக் கலவையில் செய்த சதுரக் குழாயை எண்ணியிருக்கிறோம். எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், பற்றவைத்த இடத்தருகே அதன் வலிமை குறைந்துவிடுவதால், மூலைத்தகடு வைத்து ரிவெட் அடிப்பதே நல்லது என்பது என் கருத்து. தேக்குக்கும் கைதேர்ந்த ஆசாரிகளுக்கும் பெயர்பெற்ற செட்டிநாட்டில் மரச்சட்டமே போடலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். ஆசைதான், ஆனால் ஈரப்பதத்துக்கேற்ப மரத்தின் அளவு மாறினால் அச்சுகள் நேர்கோட்டில் நிற்பது கடினம். மூடிக்கு, மோதினால் உடைந்து சிதறும் அக்ரிலிக்கை விட்டுப் பாலிகார்பனேட்டைத் தேர்ந்தோம்.

குழப்பம் இயக்கப் பகுதியில்தான். 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால் வேகம் நொடிக்குச் சுமார் 1.57 மீட்டர், சரிவில் ஏறுவதற்கு, உராய்வைச் சேர்க்காமலேயே, நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு 12 வோல்ட் கியர் மோட்டார்கள் வைப்பதா, அல்லது பக்கத்துக்கு ஒரு பெரிய மோட்டாரை வைத்து இரு சக்கரங்களையும் சங்கிலியால் இணைப்பதா? பின்னதில், ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினாலும் மோட்டாரின் முழு விசையும் மற்றதற்குக் கிடைக்கும். ஆனால் சங்கிலி தளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். கண்ணிக்குக் கண்ணி 6.35 மி.மீ. இடைவெளியுள்ள சங்கிலியும் அதற்கேற்ற பல்சக்கரங்களும் மதுரையிலோ திருச்சியிலோ சில்லறையாகக் கிடைக்குமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.