தூக்கிச் சுற்றினால் சுற்றுகிறது, ஏறி உட்கார்ந்தால் கனக்கிறது: சைக்கிளில் என்ன கோளாறு?

பொங்கலூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலூர்ப் பக்கமிருந்து பல்லடத்துக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதும் வேலை. சைக்கிள் ஏழு கியர் ஹைப்ரிட், 700 x 35 டயர், வி பிரேக். ஆடி பிறந்ததிலிருந்து யாரோ கேரியரைப் பிடித்து இழுப்பது போல இருக்கிறது. முன்பு ஐந்தாவது கியரில் போன ரோட்டில் இப்போது மூன்றாவதிலேயே மூச்சு வாங்குகிறது.

டயரில் காற்று 60 பி.எஸ்.ஐ. இருக்கிறது. செயினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். இங்கே ஒரு கடையில் காட்டினேன். பிரேக் கட்டை மாற்றி, பின் ஹப்பில் (வீலின் நடுவில் அச்சு போகிற கூட்டில்) வெளியிலிருந்தே எண்ணெய் விட்டு, 'வீல் நல்லாத்தான் சுத்துது' என்று கொடுத்துவிட்டார்கள். சைக்கிளைத் தூக்கிப் பின் வீலைச் சுற்றினால் உண்மையிலேயே வெகுநேரம் சுற்றுகிறது. எங்கேயும் உரசல் இல்லை. ஏறி உட்கார்ந்தால் மட்டும் கனம். எங்கே தேடுவது?

காத்தாடிக்காடு:

நண்பரே, சைக்கிளைக் குறை சொல்வதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆனி, ஆடியில்தான் உச்சம். பல்லடம், உடுமலை சுற்றிலும் இத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தானே. நீங்கள் காலையில் மேற்கே போகிறீர்கள், அதாவது நேர் எதிர்க்காற்று. நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றும் எதிரே 15 கி.மீ. வேகத்தில் வந்தால், உடம்பில் மோதுவது 30 கி.மீ. வேகக் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகும். என் பந்தயச் சைக்கிளே இந்த மாதங்களில் நகராது.

சாயங்காலம் திரும்பும்போது எப்படி இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

பொங்கலூர்க்காரன்:

நல்ல கேள்வி. திரும்பும்போது முதுகில் காற்றுத் தள்ளுவது தெரிகிறது. அப்போதும் கனமாகத்தான் இருக்கிறது, காலையை விடக் கொஞ்சம் குறைவு. போன வருடம் இதே ஆடியில் சாயங்காலம் மிதிக்காமலே பாதி தூரம் வந்துவிடுவேன்.

கோன் ஸ்பேனர்:

அப்படியானால் காற்று பாதிக் காரணம்தான் தம்பி, மீதி சைக்கிளில் இருக்கிறது. நான் சூலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை.

'தூக்கிச் சுற்றினால் சுற்றுகிறது' என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை வைத்தே வீல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் இப்படியே மாதக்கணக்கில் மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தூக்கிப் பிடித்த வீலில் ஆள் எடையும் கிடையாது, செயின் இழுப்பும் கிடையாது. எடை ஏறும்போது மட்டும் வருகிற கோளாறு ஸ்டாண்டில் தெரியவே தெரியாது.

முதலில் ஒன்று செய்யுங்கள். காற்று இல்லாத விடியற்காலையில் சமமான ரோட்டில் நன்றாக மிதித்துவிட்டு, காலை நிறுத்திச் சும்மா உட்காருங்கள். சீக்கிரமே வேகம் செத்துப் போனால் கோளாறு டயர், பிரேக், ஹப் இந்த மூன்றில்தான். நன்றாக உருண்டு போய், மிதிக்கும்போது மட்டும் கனம் என்றால் செயின், பெடல், கிராங்க் அச்சு பக்கம் பார்க்க வேண்டும். எந்தச் சாமானையும் காசு கொடுத்து மாற்றுவதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதிப் பொருள்களைத் தள்ளிவிடலாம்.

அப்புறம் பின் பிரேக்கின் வளைந்த குழாயைக் கொக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள், இரண்டு கட்டையும் விலகிக்கொள்ளும். முன் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். லேசாகிவிட்டால், எடை ஏறும்போது ரிம் சாய்ந்து கட்டையில் உரசுகிறது என்று அர்த்தம். வீட்டில் யாரையாவது பின்னால் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஏறி உட்காருங்கள். வீல் நடுவிலேயே நிற்கிறதா, சாய்கிறதா? பின் கவட்டையின், அதாவது பின் வீலின் இரண்டு பக்கமும் போகிற ஃப்ரேம் குழாய்களின், உள்பக்கம், டயர் போகிற இடத்தில், பெயிண்ட் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பின் வீலை மாட்டியிருப்பது நட்டா, நெம்புகோல் வைத்த கம்பியா? கேரியரில் என்ன ஏற்றுவீர்கள்?

பொங்கலூர்க்காரன்:

நெம்புகோல்தான் அண்ணா. கேரியரில் மாதம் ஒருமுறை 25 கிலோ அரிசிச் சிப்பம் வரும். சில நாள் நூல் கோன் பையும்.

இன்று காலை நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். மிதிப்பதை நிறுத்தினால் சட்டென்று வேகம் குறைகிறது. பின் பிரேக்கை விடுவித்தால் நன்றாகவே லேசாகிறது, ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. நான் ஏறி உட்கார்ந்ததும் வீலின் மேல்பக்கம் இடது பக்கமாகச் சாய்கிறது என்று மனைவி சொன்னாள். இடது கவட்டையின் உள்பக்கம் விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருக்கிறது. இறங்கியதும் வீல் நேராகிவிடுகிறது!

கோன் ஸ்பேனர்:

இனி ஓட்ட வேண்டாம். எனக்குப் பின் அச்சு உடைந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது. வீலைக் கழற்றி, நெம்புகோல் கம்பியை உருவிப் பாருங்கள். அச்சு இரண்டு துண்டாக இருந்தால் ஒரு துண்டு கையோடு வந்துவிடும்.

காரணம் சொல்கிறேன். ஃப்ரீவீலை, அதாவது பின் பல் சக்கரத் தொகுதியை, திருகி மாட்டுகிற ஹப்பில், வலது பக்கப் பேரிங் பல் சக்கரங்களுக்கு உள்ளே தள்ளி இருக்கும். அங்கிருந்து ஃப்ரேம் வரைக்கும் மூன்று செ.மீ.க்கு மேல் அச்சு தாங்கல் இல்லாமல் நிற்கிறது. 10 மி.மீ. அச்சு, அதுவும் நடுவில் ஓட்டை. சுமையோடு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அங்கேதான் விரிசல் விடும். உடைந்த பிறகும் உள்ளே இருக்கிற கம்பி இரண்டு துண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். நீங்கள் ஏறியதும் வலது முனை விட்டுக்கொடுக்கிறது, அதனால் வீலின் மேல்பக்கம் இடது பக்கம் சாய்கிறது. மிதித்தால் செயின் வலது பக்கத்தை முன்னால் இழுக்கிறது, அப்போது டயரின் முன்பக்கம் இடது கவட்டையில் தேய்கிறது. பிரேக்கை விடுவித்தும் கொஞ்சம் கனம் மிச்சம் இருந்தது இதனால்தான்.

பொங்கலூர்க்காரன்:

அண்ணா, அப்படியேதான். கம்பியை உருவியதும் வலது துண்டு கையில் வந்துவிட்டது. உடைந்த முகத்தில் பாதி கறுத்துப் பழசாகவும், பாதி புதிதாகவும் இருக்கிறது. என்ன அளவு அச்சு வாங்க வேண்டும்? பழைய மாதிரியே வாங்கலாமா?

கோன் ஸ்பேனர்:

கறுத்த பாதிதான் முதலில் விட்ட விரிசல். பார்த்துவிட்டீர்கள், நல்லதாயிற்று.

சுமை ஏற்றுகிறவருக்கு ஓட்டை அச்சு வேண்டாம் என்பது என் கருத்து. ஓட்டையில்லாத கெட்டி அச்சு, நட்டு வைத்தது, வாங்குங்கள். ஹப்பின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் மாதிரிச் சைக்கிளில் பெரும்பாலும் 135 மி.மீ. இருக்கும், அதற்குச் சுமார் 175 மி.மீ. நீள அச்சு சரியாக வரும். மரை முக்கியம். 10 மி.மீ. மெட்ரிக் மரையும் இருக்கிறது, 3/8 அங்குல மரையும் இருக்கிறது, பார்க்க ஒன்று போலவே இருக்கும். பழைய கோனை (அச்சில் திருகி நின்று பேரிங் பால்ஸைத் தாங்குகிற கூம்பு நட்டை) கடைக்கு எடுத்துப் போய்ப் புது அச்சில் கையால் திருகிப் பாருங்கள். கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பால்ஸ் 1/4 அங்குலம், பக்கத்துக்கு ஒன்பது. பழைய பால்ஸைத் திரும்பப் போடவே போடாதீர்கள், அதற்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு.

ஃப்ரீவீலைக் கழற்றாமல் இந்த வேலை நடக்காது. அதற்குரிய டூல் இருக்கிற கடையாகப் பாருங்கள். மாட்டும்போது இன்னொன்றும் கேளுங்கள்: ஃப்ரேமில் அச்சு உட்காரும் இரண்டு தகடும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று. தகடு வளைந்திருந்தால் புது அச்சும் சில மாதத்தில் இதே இடத்தில் உடையும். ஒரு வாரம் ஓட்டியதும் நட்டை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.