பார்க்லேண்ட்: 'புறவு' என்னும் சொல்லுக்காக மீண்டும் ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

ஒன்பதாம் வகுப்புக்கான புவியியல் துணைப்பாடத்தை இவ்வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், புல்லும் இடைவிட்ட மரங்களுமாக விரிந்து கிடக்கும் பார்க்லேண்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை முடிவு செய்தாக வேண்டும். நம் கலந்துரையாடலில் 'பூங்கா நிலம்', 'கா', 'பொழில்', 'சோலை', 'திறந்த காடு', 'மரப்புல்வெளி' ஆகியவை பேசப்பட்டன; 'புறவு' நான் முன்வைத்தது. 'பூங்கா நிலம்' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. முதல் வரைவில் அதைத்தான் இட்டிருந்தேன்; படம் வரையச் சொன்னபோது மாணவர் பலர் ஊஞ்சலும் சறுக்குமரமும் வரைந்தார்கள்.

'பார்க்' என்னும் ஆங்கிலச் சொல் முதலில் வேட்டைக்கென வேலியடைத்துக் காக்கப்பட்ட நிலத்தையே குறித்தது. 'கா' என்பதைக் 'காத்தல்' வழி விளக்கிய மதுரை அன்பரின் வேர்ச்சொல் ஆய்வு அதனோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கா, பொழில், சோலை மூன்றும் நிழல் அடர்ந்தவை. பொழிலுக்கு நாடு என்ற பொருளும் உண்டு என்பதைத் 'தண்பொழில் வரைப்பின்' என்னும் தொல்காப்பிய அடியே காட்டும். 'திறந்த காடு' எங்கள் பக்கம் எடுபடாது. இங்கே 'காட்டுக்குப் போயிருக்கா' என்றால், பருத்தி எடுக்கவோ உளுந்து பறிக்கவோ மானாவாரி நிலத்துக்குப் போயிருக்கிறாள் என்று பொருள்.

நான் சொல்லவரும் நிலம் திருநெல்வேலிச் சீமையில் கண்முன்னே இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் உடைமரங்கள் குடை விரித்தாற்போலத் தலை தட்டையாக, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும். ஆட்டுக்காரர் தொரட்டியை மாட்டிக் கொப்பை உலுக்கினால், நெற்று தரையில் விழுமுன்னே ஆடுகள் கூடிவிடும். அவர் அதை 'உடங்காடு' என்கிறார். அதையே எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் ஓக் மரங்கள் நிற்கும் இங்கிலாந்து நிலத்துக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

ஆகவேதான் முல்லைநிலத்தைக் குறிக்கும் 'புறவு' என்கிறேன். முல்லைப்பாட்டில் 'கான்யாறு தழீஇய அகனெடும் புறவில்' பிடவையும் பசும்புதரையும் அழித்துப் பாசறை அமைக்கிறார்கள். படை தங்கும் அளவுக்கு விரிந்த முல்லைநிலம் அது, மேய்ச்சலும் மானும் அந்நிலத்துக்கே உரியவை. புறாவுக்கும் 'புறவு' என்ற பெயர் உண்டு என்பதால் பிள்ளைகள் அதைப் புறா என்று கொள்வார்கள் என்ற தடை நியாயமானதே. எனினும் நிலவு, மாதம், கிழமை என மூன்றையும் குறிக்கும் 'திங்கள்' எவரையும் தடுமாறச் செய்வதில்லை.

பெரும்பாலோர் 'மரப்புல்வெளி'யை ஏற்றிருப்பதால் பாடத்தில் அதையே இடுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'புறவு' என்று சேர்ப்பேன். அதை நீக்க வேண்டும் என்போர் வியாழனுக்குள் காரணத்தோடு எழுதுங்கள்.