வீட்டு வீடியோ டிவிடிகளை ஜெல்லிஃபினில் ஏற்றுவது: எதை முதலில் செய்வது?

கேள்வி:
கேம்கார்டர் வீடியோக்களை எரித்துவைத்த டிவிடி-ஆர் 110, கேமராவுக்குள்ளேயே பதிவான 8 செ.மீ. மினி டிவிடி 30. இவற்றை ஜெல்லிஃபினில் (வீட்டு வீடியோக்களைச் சேமித்து எந்தத் திரையிலும் பார்க்க உதவும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். டிஸ்க்கிலிருந்து வீடியோவைக் கோப்பாக எடுக்கும் மேக்எம்கேவி மென்பொருளில் எடுத்தால் சில டிஸ்க்குகளில் பாதிக் காட்சிகள் வருவதில்லை. அசைவுள்ள இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள். நாலைந்து மினி டிஸ்க்குகளைக் கணினி ‘காலி’ என்கிறது. டிஸ்க்கில் வீடியோ இருக்கும் விஓபி கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே ஒட்டிவிடலாமா?

பதில் 1:
காட்சிகள் விடுபட ஒரு செட்டிங்தான் காரணமாக இருக்கும். 120 விநாடிக்குக் குறைந்த டைட்டில்களை (டிஸ்க்கில் உள்ள தனித்தனி வீடியோப் பகுதிகளை) மேக்எம்கேவி தானாகவே ஒதுக்கிவிடும். சினிமா டிஸ்க்குக்கு அது சரி. வீட்டு வீடியோவில் 40 விநாடித் துண்டுகூடத் தனி டைட்டிலாக இருக்கலாம். குறைந்தபட்ச நீளத்தை 0 ஆக்கி, டிஸ்க்கை மறுபடி திறந்து பாருங்கள்.

விஓபியை ஒட்டாதீர்கள். பதிவு நின்று தொடங்கிய இடங்களில் நேரக்குறி மறுபடி பூஜ்யத்துக்குப் போயிருக்கும். ஒட்டினால் ஒலி விலகும், தேடல் வேலை செய்யாது. எந்தத் துண்டு எதற்குப் பின் என்பது ஐஎஃப்ஓ கோப்பில்தான் இருக்கிறது, மேக்எம்கேவி அதைப் படித்தே சேர்க்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு டிஸ்க்கையும் முழு ஐஎஸ்ஓவாக (டிஸ்க்கை அப்படியே நகலெடுத்த ஒற்றைக் கோப்பாக) எடுத்துவிடுங்கள். 4.7 ஜிபி வீதம் 110, 1.4 ஜிபி வீதம் 30. எல்லாம் நிரம்பியிருந்தாலும் 560 ஜிபிதான். எரித்த டிஸ்க்கின் சாயம் வருடக்கணக்கில் மங்கிக்கொண்டே இருக்கும். சுருக்குவதைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், படிப்பதற்கு அந்த வாய்ப்பு நிச்சயமில்லை.

பதில் 2:
‘காலி’ டிஸ்க்குகள் ஃபைனலைஸ் (பதிவை முடித்து, மற்ற கருவிகளிலும் படிக்கும்படி மூடுவது) செய்யப்படாதவையாக இருக்கலாம். பதிவு செய்த அதே கேமராவில், அடாப்டரைச் செருகியபடி ஃபைனலைஸ் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் கெட்டுவிடலாம். கேமரா இல்லையென்றால் ஐசோபஸ்டர் என்ற மீட்பு மென்பொருள் பெரும்பாலும் அவற்றைப் படிக்கும். விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் ரத்து செய்யுங்கள். மினி டிஸ்க்கைத் தட்டுள்ள டிரைவில் மட்டும் வையுங்கள், வாயில் இழுக்கும் வகை டிரைவில் சிக்கிக்கொள்ளும்.

கீறல் விழுந்தவற்றுக்கு, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். செக்டர் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதி) அளவு 2048 பைட், மேப் கோப்பு (எது படிக்கப்பட்டது, எது விட்டுப்போனது என்ற குறிப்பு) கட்டாயம். முதல் சுற்றில் நல்ல பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், பிறகு விட்டுப்போனதை 3 முறை முயலச் சொல்லுங்கள். அப்படியும் மிச்சமிருந்தால் அதே மேப் கோப்போடு வேறு டிரைவில் ஓட்டுங்கள். கிடைக்காத செக்டர்களை மட்டும் தேடும். லேசர் தலைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் ஒன்று கைவிட்டதை இன்னொன்று படித்துவிடலாம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், வட்டமாக அல்ல.

பதில் 3:
அசைவில் தெரியும் அந்தச் சீப்புக் கோடுகள் இன்டர்லேஸ், அதாவது ஒரே ஃபிரேமில் இரண்டு கணங்களின் வரிகள் மாறி மாறிக் கலந்திருப்பது. பால் (PAL, இந்தியாவில் பயன்பட்ட டிவி முறை) முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றாலும் உள்ளே இருப்பது 50 வெவ்வேறு கணங்கள். சாதாரண டிஇன்டர்லேஸ் (அந்தக் கலப்பை நீக்குவது) பாதியை வீசிவிடும், குழந்தை ஓடுவது வெட்டி வெட்டித் தெரியும். வீடியோவை மாற்றிச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில், டிஇன்டர்லேஸ் வகையாக பிடபிள்யூடிஐஎஃப் (Bwdif), அதில் ‘பாப்’ (Bob, ஒவ்வொரு கணத்தையும் தனி ஃபிரேமாக்குவது) என்று தேர்ந்தெடுங்கள். ஃபிரேம் ரேட்டை நீங்களே 50 என்று வையுங்கள், என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானில் பயன்பட்ட டிவி முறை) என்றால் 59.94. சுருக்கும் முறை எக்ஸ்264, தர அளவான ஆர்எஃப் 18. ஒலியைத் தொடாமல் கடத்துங்கள். தானியங்கி கிராப்பை அணைத்துவிடுங்கள், இருட்டுக் காட்சிகளில் ஓரத்தை வெட்டிவிடும். பால் டிவிடியின் 720×576 பட அளவைப் பெரிதாக்கிச் சேமிப்பதில் பயனில்லை.

ஜெல்லிஃபினில் நூலக வகையாக வீட்டு வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். ‘திரைப்படம்’ என்று கொடுத்தால் பெயரை இணையத்தில் தேடி, சம்பந்தமில்லாத போஸ்டரை ஒட்டிவிடும். கோப்புப் பெயர் 2006-08-14 என்று தேதியில் தொடங்கட்டும். கோப்பின் தேதியை நம்பாதீர்கள், அது நகலெடுத்த நாளாகவும் இருக்கலாம். டிஸ்க் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.