அம்மா தைத்த கிறிஸ்துமஸ் தொங்கல்களில் பழுப்புப் புள்ளி, எப்படி எடுப்பது?

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். தையல் தெரிந்த அக்காமார்களிடம் ஓர் உதவி வேண்டும்.

எங்கள் வீட்டு மரத்தில் கடை உருண்டைகளைவிட அம்மா கையால் தைத்தவைதான் அதிகம். வருடத்துக்கு ஒன்று தைத்து, பின்பக்கம் ஆண்டையும் நூலாலேயே போட்டுவிடுவார். 1987 நட்சத்திரம், 1992 மணி, தம்பி பிறந்த ஆண்டுக்கு ஒரு குட்டிக் காலுறை. எல்லாம் கம்பளி ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த துணி), உள்ளே பஞ்சு. எனக்கு உயிர் அந்த வெள்ளைத் தேவதைதான். அதன் தலைமுடி முழுக்கப் பொடிப்பொடி முடிச்சுகள், இன்றுவரை ஒன்றுகூட அவிழவில்லை.

இந்த முறை பெட்டியைத் திறந்தால் வெள்ளைத் துணிகளில் பழுப்புப் புள்ளிகள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்க வேண்டும். பிளீச் பக்கம் போகவே மாட்டேன், கம்பளியை அது அரித்துவிடும். தண்ணீரில் நனைக்கவும் பயம். சிவப்பு நூல் சாயம் விட்டால் அவ்வளவுதான். பஞ்சைப் பிரிக்காமல் சுத்தம் செய்ய வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், எடுத்து வைக்கும்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதுமா?

இன்னொன்று. அம்மாவுக்கு இப்போது ஊசி கோக்கக் கண் தெரிவதில்லை. இந்த வருடத்துத் தொங்கலை என் மகள் தைக்கப் போகிறாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார். கம்பளி ஃபெல்ட் தீவில் எங்கே கிடைக்கும்? சௌராஸ்தா, கெம்பல் தெரு பக்கம் என் கண்ணில் பட்டதெல்லாம் பாலியஸ்டர்தான். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மரம் வைப்போம், அதற்குள் தெரிந்தால் ரொம்ப நல்லது.