காலாவதியான பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரங்கள் கிணற்று மாசைச் சீர்செய்ய உதவுமா?

கேட்பவர்: பட்டறைக்காரர் மகன், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1971 முதல் 1996 வரை தோட்டத்து எல்லையை ஒட்டி ஓர் இயந்திரப் பட்டறை நடத்தினார். ரப்பர் ஆலைகளின் உருளை இயந்திரங்களும் செம்பனை ஆலைகளின் பம்புகளும் அங்கே பழுதுபார்க்க வரும். அவற்றின் எண்ணெய்ப் பிசுக்கை டிரைக்குளோரோ எத்திலீன் என்ற கரைப்பானால் கழுவி, கழிவைப் பின்புறக் குழியில் ஊற்றிவந்தார்கள். சென்ற ஆண்டு நிலத்தை விற்க முனைந்தபோது, வாங்க வந்தவர் மண்ணைச் சோதிக்கச் சொன்னார். கரைப்பான் எங்கள் மண்ணிலும் இருக்கிறது, பள்ளத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பழைய கிணற்றிலும் இருக்கிறது. குழாய் நீர் தடைப்படும் நாள்களில் அந்தக் கிணற்று நீரில் சமைத்த குடும்பங்களை நான் சிறுவயது முதல் அறிவேன். அதை நினைத்தால் இரவில் உறக்கம் வருவதில்லை.

பட்டறை செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவானது. தொழில் நின்றுவிட்டாலும் நிறுவனம் இன்னும் கலைக்கப்படவில்லை. சீரமைப்புச் செலவை ஏற்க அதனிடம் பணம் இல்லை. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1978, 1979, 1982 ஆகிய ஆண்டுகளுக்கான மூன்று பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரங்கள் கிடைத்தன. முகவர் ஒருவரிடம் காட்டியபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன தாள் எதற்கும் ஆகாது என்றார். அமெரிக்காவில் இத்தகைய பத்திரங்களைக் கொண்டே மாசு நீக்கப்படுவதாகப் படித்தேன். இங்கே மலேசியாவில் வழி உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற இழப்பு மதிப்பீட்டாளர், ஈப்போ

தம்பி, அந்தத் தாள்களைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். முகவர் சொன்னது எல்லாப் பத்திரங்களுக்கும் பொருந்தாது. பொறுப்புக் காப்புறுதி இரு வகைப்படும். கோரிக்கை எந்த ஆண்டில் வருகிறதோ அந்த ஆண்டின் பத்திரம் பதில் சொல்லும் வகை ஒன்று. சேதம் எந்த ஆண்டில் நிகழ்ந்ததோ அந்த ஆண்டின் பத்திரம் பதில் சொல்லும் வகை மற்றொன்று. அக்காலத்துப் பொதுப் பொறுப்புப் பத்திரங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையே. 1979இல் கிணற்று நீர் கெட்டிருந்தால், அது இன்று தெரியவந்தாலும் 1979ஆம் ஆண்டுப் பத்திரமே பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அந்த வகையின் அடிப்படை. ஆகவே முதல் பக்கத்தில் “காப்புறுதிக் காலத்தில் நிகழும் சேதம்” என்ற பொருள்படும் சொற்கள் உள்ளனவா என்று பாருங்கள்.

அடுத்து, பின்னால் ஒட்டப்பட்ட துண்டுத் தாள்கள் ஒவ்வொன்றையும் படியுங்கள், ஏனெனில் மாசு விலக்கு, அதாவது மாசால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்னும் விதி, பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அமெரிக்காவில் 1973இல் மாசு விலக்கு பொதுப் படிவத்தில் ஏறியது. ஆனால் திடீரென எதிர்பாராமல் நேரும் கசிவுக்கு அது விதிவிலக்கு அளித்தது. முழு விலக்கு 1986இல்தான் வந்தது. பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில்தான் அத்தகைய விலக்கு பரவலாயிற்று. உங்கள் பத்திரங்கள் அதற்கு முந்தையவை என்பது நல்ல செய்தி.

பதில்: வழக்குரைஞர், கிள்ளான்

ஐயா சொன்னது சரியே. ஆனால் அமெரிக்கத் தீர்ப்புகளை அப்படியே இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995இல் மாண்ட்ரோஸ் வழக்கில், சேதம் தொடர்ந்த ஆண்டுகளின் பத்திரங்கள் அனைத்தும் பொறுப்பாகும் என்றது. இண்டியானா உச்ச நீதிமன்றம் 1996இல் கைகர் வழக்கில், பெட்ரோல் நிலையக் கசிவுக்கு எதிராகக் காட்டப்பட்ட மாசு விலக்கின் சொற்கள் தெளிவற்றவை என்று காப்புறுதி பெற்றவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. நம் நீதிமன்றங்கள் ஆங்கிலத் தீர்ப்புகளையே அதிகம் நோக்கும். இங்கிலாந்தில் 2006இல் பார்டோலைன் வழக்கில், அரசு அமைப்பு சட்டப்படி வசூலிக்கும் சீரமைப்புச் செலவு “இழப்பீடு” ஆகாது, ஆகவே பொதுப் பொறுப்புக் காப்புறுதி அதைத் தராது என்று தீர்ப்பாயிற்று.

இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி சுற்றுச்சூழல் துறை தானே மாசை நீக்கிவிட்டுச் செலவை வசூலிக்க முடியும். காப்புறுதி நிறுவனம் பார்டோலைனைக் காட்டி அந்தச் செலவை மறுக்கலாம். கிணறு பாழானதற்காக லயத்து மக்களோ தோட்டமோ கேட்கும் இழப்பீட்டுக்கு அந்தத் தடை பொருந்தாது. உங்கள் சொந்த நிலத்துச் சேதத்தைப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி வழக்கமாக ஏற்காது. எல்லைக்கு அப்பால் உள்ள கிணறுதான் உங்கள் வழக்கின் உயிர்.

வழக்குத் தொடரக் காலம் கடந்துவிட்டதோ என்ற அச்சத்தில் பாதியை விடலாம். ஆங்கிலச் சட்டப்படி, காப்புறுதி நிறுவனத்திடம் கேட்கும் உரிமை, பிறருக்கு நீங்கள் தர வேண்டிய தொகை தீர்ப்பாலோ உடன்பாட்டாலோ முடிவாகும் நாளில்தான் பிறக்கிறது. ஆனால் அறிவிப்பு நிபந்தனை வேறு. சேதம் தெரிந்தவுடன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கத் தவறுவதே இத்தகைய கோரிக்கைகளைக் கொல்லும். உடனே எழுதுங்கள். எவரிடமும் எழுத்தில் பொறுப்பை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், காப்புறுதி நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் மண்ணைத் தோண்டவும் வேண்டாம்.

பதில்: நிலத்தடி நீர்ப் பொறியாளர், கூலிம்

தோண்ட வேண்டாம் என்பதைக் கிணற்றைத் திறந்தே வைத்திருக்கலாம் என்று கொள்ள வேண்டாம். இந்தக் கரைப்பானுக்கு அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். இது புற்றுநோய் தரும் பொருள். இன்றே பூட்டி, மாற்று நீருக்கு ஏற்பாடு செய்து, காரணத்தைக் குடும்பங்களிடம் நேரில் சொல்லுங்கள். இந்தக் கரைப்பான் நீரைவிடக் கனமானது. நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் அடியில் இறங்கித் தங்கி, பல பத்தாண்டுகள் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே சோதனைத் துளைகள் இட்டு, நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் அளந்தால், மாசு கிணற்றை ஏறக்குறைய எந்த ஆண்டுகளில் எட்டியது என்று கணிக்கலாம். எந்தப் பத்திரம் பேசும் என்பதை அந்தக் கணிப்பே முடிவு செய்யும்.

பதில்: முன்னாள் தோட்ட அலுவலகக் கிராணி, சுங்கை சிப்புட்

தம்பி, உன் அப்பாவை எனக்குத் தெரியும். வெளிப் பட்டறைக்கு வேலை கொடுக்கும்போது பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழின் நகலை வாங்கி ஒப்பந்தக் கோப்பில் வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். விடுபட்ட ஆண்டுகளுக்கு அங்கே கேட்டுப் பார். கடன் கொடுத்த வங்கியிலும், கணக்காய்வாளரின் பழைய பேரேட்டில் பிரிமியம் கட்டிய பதிவிலும் தேடு. காப்புறுதி நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தாலும் கவலைப்படாதே. ஒரு நிறுவனத்தின் காப்புறுதிகள் மற்றொன்றுக்கு மாறும்போது பொறுப்புகளும் சேர்ந்தே போகும். இன்று அந்தப் பொறுப்பு யாரிடம் என்று நிறுவனங்களைப் பதிவு செய்யும் சுருஹஞ்சாயா ஷரிகாட் மலேசியாவிலும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிலும் கேள்.

கேட்பவர்: பட்டறைக்காரர் மகன்

அண்ணன், கோப்பு கிடைத்தது. 1976, 1980, 1981 ஆகிய ஆண்டுகளின் சான்றிதழ்கள் அதில் உள்ளன. பத்திர எண்களும் தெளிவாகத் தெரிகின்றன. 1982ஆம் ஆண்டுப் பத்திரத்தில் மட்டும், திடீர்க் கசிவு தவிர மற்ற மாசை விலக்கும் துண்டுத் தாள் ஒட்டப்பட்டுள்ளது. 1978, 1979 ஆகியவற்றில் எந்த விலக்கும் இல்லை. பொறுப்பை ஏற்றிருக்கும் இன்றைய நிறுவனத்துக்கு, வழக்குரைஞர் சொன்னபடி, நேற்றுப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டேன். கிணற்றை மூடிப் பூட்டினோம். நான்கு வீடுகளுக்குச் சென்று, என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொன்னேன்; நீர்த் தொட்டி நாளை வருகிறது. சோதனைத் துளைகளுக்கான செலவை நிறுவனம் ஏற்குமா என்று அறிவிப்பிலேயே கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுவேன்.