1912-இல் கார்லைல் அணி: ஜிம் தார்ப் ஒருவரின் வெற்றியா?

கேள்வி

வணக்கம். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கக் கால வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். பென்சில்வேனியாவில் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய கார்லைல் பள்ளியின் அணி, 1912-ஆம் ஆண்டில் பெரிய கல்லூரிகளோடு மோதி, 14 ஆட்டங்களில் 12-ஐ வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்து, மொத்தம் 504 புள்ளிகளைக் குவித்தது. ஆனால் எங்கே பார்த்தாலும் இந்தப் பருவம் ஜிம் தார்ப்பின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதே கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து தடகளப் போட்டிகளின் தொகுப்பு), டெகத்லான் (பத்துப் போட்டிகளின் தொகுப்பு) இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியவர் என்பதால் புகழ் அவர்மேல் குவிந்தது இயல்பே. இருந்தாலும், பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவரால் மட்டும் இது கூடுமா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

உங்கள் ஐயம் நியாயமானது. தார்ப் அந்தப் பருவத்தில் எடுத்த புள்ளிகளின் கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறினாலும், ஏறத்தாழ 200 என்று கொள்ளலாம். எந்தக் காலத்திலும் வியக்கத்தக்க எண்தான் அது; ஆனாலும் 504-இல் அதைக் கழித்தால் மீதமுள்ள முந்நூறு புள்ளிகள் மற்றவர்கள் ஈட்டியவை.

இதற்கு மிகச் சிறந்த சான்று, பருவத்திலேயே புகழ்பெற்ற ஆட்டமான நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரி அணியோடு நடந்த போட்டிதான். கார்லைல் 27-6 என்று வென்றது. தார்ப் பந்தோடு ஓடிய நீண்ட ஓட்டம் ஒன்று எல்லைக்கோட்டைத் தொட்டும், சக ஆட்டக்காரரின் விதிமீறலால் செல்லாமல் போயிற்று. கணக்கில் ஏறிய நான்கு டச்டவுன்களில் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) மூன்றை அவருடைய அணித்தோழர்களான அலெக்ஸ் அர்காசாவும் ஒன்றை ஜோ பெர்ஜியும் எடுத்தார்கள். தார்ப்பின் பங்காகப் புள்ளிப்பலகையில் நின்றவை டச்டவுனுக்குப் பிந்தைய மூன்று உதைகள் மட்டுமே. ஆனால் எதிரணியின் கண்கள் முழுவதும் அவர் மீதே இருந்ததால்தான் அர்காசாவுக்கு இடம் கிடைத்தது என்பதையும் மறுக்க முடியாது. அன்று தார்ப்பைத் தடுக்க முயன்றவர்களுள் பின்னாளில் அமெரிக்க அதிபரான டுவைட் ஐசன்ஹோவரும் ஒருவர். கார்லைலின் ஜோ கயோனை முரட்டுத்தனமாகத் தாக்கியதற்காக ராணுவ அணியின் தலைவர் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார் என்பதிலிருந்து, அந்த ஆட்டம் அவர்களை எவ்வளவு நிலைகுலையச் செய்தது என்று புரிந்துகொள்ளலாம்.

வாஷிங்டன் அண்ட் ஜெபர்சன் அணியோடு 0-0 என்று முடிந்த ஆட்டத்தில் தார்ப்பின் உதைகள் குறி தவறின. அவரும் மனிதர்தாம்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன்; ஆனால் பயிற்றுநர் பாப் வார்னரையும், அந்த ஆண்டு மாறிய விதிகளையும் சேர்க்காமல் விடை முழுமையாகாது. 1905-இல் ஆடுகளத்தில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு, 1906-இல் முன்னோக்கிப் பந்தை எறிவதற்கு அனுமதி தரப்பட்டது. ஆனால் கடுமையான கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. 1912-இல் பந்தை இருபது கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற தடை நீங்கியது, பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்புகளுக்குப் பதில் நான்கு தரப்பட்டன, டச்டவுனின் மதிப்பு ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தது, களத்தின் நீளமும் 110 கெஜத்திலிருந்து 100 ஆயிற்று. உடல் எடையால் நெரித்து முன்னேறும் அணிகளுக்கு இது பெரிதாக உதவவில்லை. எடை குறைந்த, வேகம் மிகுந்த, ஏமாற்று நகர்வுகளில் தேர்ந்த கார்லைலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

வார்னர், பின்வரிசையில் நின்று பந்தோடு ஓடும் தம் ஹாஃப்பேக் ஆட்டக்காரர்களை முன்வரிசையின் இரு முனைகளுக்கும் வெளியே நிறுத்தினார். பந்து யார் கைக்குப் போகும், எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரணியால் முன்கூட்டி ஊகிக்க இயலவில்லை. குவார்ட்டர்பேக்காக, அதாவது அடுத்த நகர்வை முடிவு செய்பவராக இருந்து ஆட்டத்தை நடத்திய கஸ் வெல்ச் இல்லாமல் இந்த அமைப்பு இயங்கியிருக்காது. என் பார்வையில், அந்தப் பருவத்தில் மிகக் குறைவாகப் போற்றப்பட்டவர் அவர்தான்.

வினவியவர்

இருவருக்கும் நன்றி. அர்காசாவின் மூன்று டச்டவுன்கள் எனக்குப் புதிய செய்தி. அப்படியானால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 26-34 என்று தோற்றது எதனால்? அந்த ஆண்டில் அது அத்தனை வலுவான அணி அல்லவே.

மூன்றாம் மறுமொழி

அது ராணுவக் கல்லூரி ஆட்டத்துக்கு அடுத்த வாரம் நடந்தது. களைப்பே காரணம் என்பது என் கருத்து. ஏனெனில் கார்லைலுக்குச் சொந்தக் களத்தில் ஆடும் வாய்ப்பு மிகக் குறைவு. பருவம் முழுவதும் ரயிலில் ஊர் ஊராகச் சென்று, கனடாவின் டொராண்டோ வரை போய் ஆடினார்கள். அந்தப் பயணங்களில் கிடைத்த நுழைவுக் கட்டணப் பங்கு வார்னரின் பொறுப்பிலிருந்த விளையாட்டு நிதிக்குச் சென்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. அந்தப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியைப் பேசத் தடை விதித்து, அவர்களை வேறு மனிதர்களாக மாற்றுவதற்கென்றே 1879-இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. 1913-இன் தொடக்கத்தில், தார்ப் முன்பு பேஸ்பால் ஆடிச் சிறு ஊதியம் பெற்றிருந்தார் என்பதைக் காட்டி (ஊதியத்துக்கு ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை) ஒலிம்பிக் பதக்கங்களைப் பறித்தபோது, பழி முழுவதும் அவர்மேல் விழுந்தது. வார்னரின் பதவி நிலைத்தது. அதை எதிர்த்துப் பேசும் துணிவு அணிக்குள்ளிருந்தே வந்தது: மேலே நண்பர் பாராட்டிய அதே கஸ் வெல்ச்தான் பள்ளியின் நிர்வாகத்தை விசாரிக்கக் கோரி மாணவர்களிடம் கையெழுத்துத் திரட்டினார். 1914-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. 1918-இல் பள்ளி மூடப்பட்டது. தார்ப்பை அந்த இரு போட்டிகளின் தனி வெற்றியாளராக ஒலிம்பிக் குழு மீண்டும் ஏற்றுக்கொண்டதோ 2022-இல்தான்.