முதல் ஆல்டிமீட்டர்: கையில் 200 டாலர், எதை வாங்கலாம்?

காற்றாடி:
வணக்கம். தெற்குக் கலிஃபோர்னியாவில் ஸ்கைடைவிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏஎஃப்எஃப் பயிற்சி (பயிற்சியாளர் கூடவே குதித்துச் சொல்லித்தரும் முறை), இதுவரை 9 ஜம்ப். ஆராய்ச்சி மாணவி என்பதால் உதவித்தொகையில் வீட்டு வாடகை போக மிஞ்சுவதெல்லாம் விமானத்தில் ஏறிப் போய்விடுகிறது.

ஆறாவது ஜம்பில் ஒரு கூத்து. கையில் கட்டுகிற ஆல்டிமீட்டரின் (உயரம் காட்டும் கருவி) பட்டையை நான் சரியாக இறுக்கவில்லை. என் மணிக்கட்டு வேறு ஒல்லி. உயரம் பார்க்கலாம் என்று கையைத் திருப்பினால் முகப்பையே காணோம், உள்ளங்கைப் பக்கம் சுற்றிப் போயிருக்கிறது. பயிற்சியாளர் சுட்டுவிரலை நீட்டிக் காட்டியதால்தான் 5,500 அடியில் பாராசூட்டை இழுத்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அதிலிருந்து என் கைக்குப் பொருந்துகிற மாதிரி சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றுகிறது. 200 டாலருக்கு மேல் முடியாது. ஊசி வைத்ததா, எண் காட்டுகிற டிஜிட்டலா? பழையது வாங்கலாமா? ஹெல்மெட்டுக்குள் வைக்கிற பீப் கருவி மட்டும் போதாதா?

இரண்டாம் குடை:
என் மகள் வயதிருக்கும் போல, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் அம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போதாது. அது கத்துகிற உயரத்தில் மட்டும்தான் உனக்குச் சேதி. நடுவில் சந்தேகம் வந்தால் அதனிடம் கேட்க முடியாது. காற்றிரைச்சலில் பீப் காதில் விழாமல் போனவர்களில் நானும் ஒருவன். மாணவர்கள் கண்ணால் பார்க்கிற ஆல்டிமீட்டர் கட்டியே ஆகவேண்டும் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதியும்கூட.

உன் பணத்துக்கு நான் ஊசிதான் சொல்வேன். ஆல்டி-2 நிறுவனத்தின் கேலக்ஸி, அதுவும் பழையது. பேட்டரி கிடையாது. காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகப் பெட்டி உள்ளே இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து அது உப்பும், பல்சக்கரங்கள் ஊசியை நகர்த்தும். மணிக்கு 120 மைலில் விழும்போது ஆயிரம் அடி ஐந்தரை விநாடியில் காலி. அப்போது எண்ணைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், சுவர்க் கடிகாரம் பார்ப்பதுபோல ஊசி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண் பிடித்துவிடும்.

ஆனால் பழையதைச் சோதிக்காமல் கட்டாதே. ஆரம்பத்தில் 60 டாலருக்கு ஒன்று வாங்கினேன். விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஊசி 6,000-இல் உட்கார்ந்துவிட்டது. நகத்தால் தட்டினேன், 9,000-க்குத் தாவியது. அன்று அதே விமானத்தில் தரைக்குத் திரும்பினேன். பைலட் சிரித்தார். சிரிக்கட்டும்.

நான் இப்போது இருப்பது ஃப்ளோரிடா டிலாண்டில். இங்கே சோதிக்க மலைக்கு எங்கே போவது? உனக்கு அந்தக் கவலை இல்லை. உன் பக்கத்து ஸ்கைடைவிங் இடமான பெரிஸ் ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 அடி, மலைமேல் இருக்கிற ஐடில்வைல்ட் ஊர் சுமார் 5,400. பெரிஸில் ஊசியைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு ஹெமட் வழியாக 74-ஆம் நெடுஞ்சாலையில் காரில் ஏறு. மேலே 4,000-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். வழியெல்லாம் ஊசி வழுக்கிக்கொண்டு ஏறணும். நின்று நின்று தாவினால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

சிட்னிக்காரன்:
ஐயா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். விழும்போது ஊசி சரி. கேனோபி, அதாவது பாராசூட் துணி, விரிந்த பிறகு? தரையிறங்க 1,000 அடியில் காற்றோடு போய், 600-இல் குறுக்கே திரும்பி, 300-இல் எதிர்க்காற்றுக்கு வர வேண்டும். ஊசியில் 600-க்கும் 300-க்கும் நடுவே இருப்பது ஒரு நெல்மணி அகலம். டிஜிட்டலில் எண்ணாகவே தெரியும், தரையில் தானே பூஜ்ஜியம் வைத்துக்கொள்ளும், ஜம்ப் கணக்கையும் எழுதி வைக்கும். டென்மார்க்கின் லார்சன் அண்ட் புருஸ்கார்ட் செய்த விசோ பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். பேட்டரியை மட்டும் மறந்துவிடக் கூடாது. நான் ஒருமுறை மறந்து, விமானத்தில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் குடை:
தம்பி, கடைசி 300 அடியில் ஆல்டியைப் பார்க்கிறவன் தரையைப் பார்க்கவில்லை. ஆனால் பூஜ்ஜியம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அம்மா, ஊசி வாங்கினால் ஒவ்வொரு ஜம்புக்கும் முன் தரையிலேயே பூஜ்ஜியம் பார். காலையில் வைத்தது, மதியம் காற்றழுத்தம் இறங்கினால் தரையிலேயே 50, 100 அடி காட்டும். விமானம் கிளம்பிய பிறகு பூஜ்ஜியம் வைக்கிற குமிழைத் தொடாதே.

மேகத்தோழி:
எதற்கு அவசரம்? முதல் உரிமமான ஏ லைசன்ஸுக்கு 25 ஜம்ப். அதுவரை பள்ளியே ஆல்டி தருகிறதே, அந்த 200 டாலரில் இன்னும் சில தடவை குதிக்கலாம். பட்டைதான் பிரச்சினை என்றால் கையுறைபோல மாட்டுகிற எலாஸ்டிக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், சுழலாது. இன்னொன்று, பின்னால் முதுகு கீழாக விழப் பழகும்போது ஆல்டியை உடம்பின் காற்றுநிழலுக்குள், அதாவது உடம்பு காற்றை மறைக்கிற பக்கத்தில், வைக்காதீர்கள். ஆயிரம் அடி வரை தப்பாகக் காட்டலாம், ஊசியோ டிஜிட்டலோ.

காற்றாடி:
எல்லோருக்கும் நன்றி. மேகத்தோழி, நீங்கள் சொன்னது புத்திக்கு எட்டியது, மனசுக்கு எட்டவில்லை. கேலக்ஸி ஒன்று 110 டாலருக்குக் கிடைத்தது, எலாஸ்டிக் மாட்டியோடு. விற்றவர் மூன்று நாள் சோதிக்கக் கொடுத்தார்.

நேற்று ஐடில்வைல்ட் போனோம். தோழி கார் ஓட்ட, நான் ஊசியையே பார்த்துக்கொண்டு வந்ததில் பாதி வழியில் வாந்தி. மேலே 3,900 காட்டியது. இறங்கி வந்தபோது பூஜ்ஜியத்துக்கு 50 அடி மேலே நின்றது, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிட்டது. இது பரவாயில்லையா ஐயா?

இரண்டாம் குடை:
பரவாயில்லை. உலோகம் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எதற்கும் உன் பயிற்சியாளர் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு மாட்டு.

காற்றாடி:
காட்டிவிட்டேன், சரி சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்தாவது. வீடியோ காலில் அம்மா கையைப் பார்த்து "என்னடி இவ்வளவு பெரிய வாட்ச்" என்றார். மலிவாகக் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறேன்.